சாலைப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: சாலைப் பராமரிப்புப் பிரிவு, மாநகராட்சி.

பொருள்: பழைய கார்களின் ஆக்சில் ஜாயின்ட் தேய்வதற்குத் துறை ஆற்றிவரும் பணி – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

முன்சக்கரங்களால் இழுபடும் காரில், கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஆக்சில். சக்கரம் குதித்தாலும் திரும்பினாலும் அந்தச் சுழற்சி சீராகப் போய்ச்சேர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது ஆக்சிலின் வெளிமுனையில் இருக்கும் சிவி ஜாயின்ட்: ஒரு கிண்ணம், ஓர் உள்வளையம், இரண்டுக்கும் நடுவே தடங்களில் உருளும் 6 எஃகுக் குண்டுகள். 1983 டிசம்பரில் வந்து 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800, இத்தகைய ஜாயின்ட்டை நம்பித்தான் இன்றும் ஓடுகிறது.

ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் பூட்டுக்குள் கரிய கிரீஸ் அடைத்திருக்கும். பூட் கிழியாதவரை ஜாயின்ட் நெடுங்காலம் உழைக்கும். துறையின் பணி இங்கேதான் தொடங்குகிறது. குழாய் பதிக்கத் தோண்டி, கோப்பில் மட்டும் மூடப்பட்ட பள்ளத்தில் துருத்தி நிற்கும் ஜல்லி பூட்டைக் கிழிக்கிறது. அதே பள்ளத்துச் சேறு கிழிசல் வழியே உள்ளே போகிறது. கிழிக்கக் கல்லும் நிரப்பச் சேறும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்த ஒருங்கிணைப்பு துறையின் வேறெந்தப் பணியிலும் காணக் கிடைக்காது. எனினும் முழுப் புகழும் துறைக்கே சேராது. ரப்பர் வயதாலும் வெடிக்கும்.

சேறு புகுந்து ஜாயின்ட் தேய்ந்துவிட்டால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜாயின்ட்டை மாற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். சக்கரம் தரையில் இருக்கும்போதே, பிரேக்கை மிதிக்க ஓர் ஆளை உட்காரவைத்து, சக்கர நடுவிலுள்ள பெரிய நட்டின் லாக்கை எடுத்து அதைத் தளர்த்த வேண்டும். இதற்குச் சாக்கெட்டும், பிடியில் செருக நீண்ட இரும்புக் குழாயும் தேவை. பிறகு ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தே அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்புவது உயிரோடு விளையாடுவது. சக்கரத்தையும் அந்த நட்டையும் கழற்றி, கீழ் ஆர்மைப் பிரித்து, ஹப்பை வெளியே இழுத்தால் ஆக்சில் முனை விடுபடும்.

பூட்டை வெட்டியதும், மணலும் கிரீஸும் அரைபட்ட கருஞ்சாந்து வழிகிறது. விரலில் தேய்த்தால் நறநறக்கும் அந்த மணல் துறையின் சொத்து. வேண்டுமானால் திருப்பி அனுப்பப்படும். பழைய ஜாயின்ட்டைச் சுத்தியலால் வெளிப்பக்கம் தட்டினால், உள்ளிருக்கும் சிறு சர்க்ளிப் விட்டுக்கொடுத்து அது கழன்று வரும். புதியதைப் போடுமுன் புதுப் பூட்டையும் கிளிப்பையும் தண்டில் செருகிவிட வேண்டும். மறந்தால் ஜாயின்ட்டை மறுபடி கழற்ற வேண்டியதுதான். சர்க்ளிப்பும் புதிதாகவே இருக்கட்டும். ஜாயின்ட்டுக்குரிய மாலிப்டினம் கிரீஸை அடைத்து, தட்டி ஏற்றி, இழுத்துப் பார்த்து, கிளிப்பை இறுக்க வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது, நடு நட்டுக்குக் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவே சரி. கை வலுவை நம்பினால் சக்கர பேரிங்கும் போகும். கியர் ஆயில் ஒழுகியிருந்தால் ஊற்றிக்கொள்ளலாம்.

கடைசி வேலை, இரு பக்கமும் முழுதாக ஒடித்து வட்டமடித்துச் சத்தம் கேட்பது. அதற்குச் சமதரை வேண்டும் என்பதால், பள்ளமும் வேகத்தடையும் உள்ள எங்கள் தெரு உதவாது. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெல்லிய மேடு. தெருவில் இருப்பதோ அகலத்தில் ஒரு செங்கல், உயரத்தில் இரண்டு. வெள்ளைக் கோடும் இல்லாததால் இரவில் அதைக் கண்டுபிடிப்பது காரின் பொறுப்பு.

என் காரில் ஒரு பக்க ஆக்சில் மட்டுமே இதுவரை கழற்றப்பட்டுள்ளது. மறுபக்கப் பூட் இன்னும் கிழியவில்லை. அது கிழிவதற்குள் பள்ளத்தை மூடி, வேகத்தடையை விதிப்படி கட்டி, வெள்ளையடித்துத் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.