மார்க் குறைந்தால் மானியமும் குறையலாமா?

கேள்வி: தேர்ச்சி குறைகிற அரசுப் பள்ளிக்கு நிதியையும் குறைத்தால்தானே ரோஷம் வரும்?
- ஒரு வாசகர், உவரி

பதில்: காய்ச்சல்காரனுக்குக் கஞ்சியை நிறுத்தினால் காய்ச்சல் இறங்கிவிடுமா? சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் பள்ளி மானியம் மார்க்கைப் பார்ப்பதில்லை, தலையை எண்ணுகிறது. 101 முதல் 250 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 50,000 ரூபாய். சாக்பீஸ், கரன்ட் பில், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கழிப்பறைக் குழாய் எல்லாம் அதற்குள்தான். அதைக் குறைத்தால் தண்டனை பிள்ளைக்கே. 2024-25இல் இதே திட்டத்தில் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததும் மார்க்குக்காக அல்ல, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததற்காக. அது அநியாயம். ரோஷம் வரவைக்க வழி வேறு: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.