முற்றத்து மண்ணும் பருப்புச் சோறும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. சோற்றைத் துப்புகிறார்; முற்றத்து மண்ணை ஆசையாய்த் தின்கிறார். என்ன செய்ய?
- ஒரு தாய், பரந்தன்

பதில்: தங்கச்சி, தான் வன்னி மண்ணின் மைந்தன் என்பதை உங்கள் மகனார் கொஞ்சம் அவசரப்பட்டே நிரூபிக்கிறார்! இந்த வயதில் எதையும் வாயில் வைத்துத்தான் பார்ப்பார்கள், அடிக்க வேண்டாம். ஆனால் தேடித் தேடித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், வயிற்றில் பூச்சியும் இருக்கலாம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

சோற்றுக் கோப்பையோடு பின்னால் மட்டும் ஓடாதீர்கள். ஓடினால் அது விளையாட்டாகிவிடும். விளையாட்டில் எப்போதும் அவர்தான் வெல்லுவார். பாயில் பக்கத்தில் இருத்தி, பருப்பும் முருங்கையிலையும் மசித்த சோற்றைத் தன் கையாலேயே அளைய விடுங்கள். பாதி தலைமயிரில் அப்பும், கொஞ்சம் கோழிக்குப் போகும். மிச்சம் வயிற்றுக்குள் போகும். அது போதும், சந்தோஷப்படுங்கள். இரணைமடுக் குளத்து மீன் கிடைத்த நாளில் முள்ளெடுத்து, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இரும்புச்சத்துக்கும் நல்லது.

கிளினிக்கில் நிறை குறைவென்று திரிபோஷா தந்தால் வாங்கி வாருங்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மா, 1973இலிருந்து இலங்கைப் பிள்ளைகளை வளர்த்துவருகிறது. தேங்காய்ப்பூ போட்டு உருண்டை பிடித்ததும் அப்பாவும் அம்மம்மாவும் கை நீட்டிக்கொண்டு வருவார்கள். ஆளுக்கொரு கிள்ளு கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைக்கென்று ஒளித்து வையுங்கள்.