ரெட்டைக் கோபுரத்தை இறக்கி வை, பாப்பா

பாப்பா, அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கீழே வை. நம்ம பாக்கார் ஆராங் முழுக்க இப்போ இந்த ஒரே பாட்டுத்தான். காலையில தே தண்ணி குடிக்க ஒட்டுக்கடைக்குப் போறேன், அங்கேயும் ஒரு பையன் சுவத்தைப் பார்த்து நின்னுக்கிட்டு "பெட்ரோனாஸ் ட்வின் டவர்ஸ் இஸ் எ மெஜஸ்டிக் பில்டிங்"னு மந்திரம் ஓதுறான். வீட்டுக்கு வந்தா நீ ஓதுறே. தாதி வேலைக்கு இங்கிலாந்து போகணும், அதுக்கு ஐயெல்ட்ஸ் எழுதணும், அதுல பேச்சுப் பரீட்சைன்னு ஒண்ணு இருக்கு, அதுல கட்டடத்தைப் பத்திக் கேட்டாலும் கேட்பாங்க. அதுவரைக்கும் எனக்கு விளங்குது. ஆனா சுங்கை பட்டாணியில பொறந்த புள்ளைங்க எல்லாரும் கோலாலம்பூருக்கே ஏன் ஓடுறீங்க, அதுதான் விளங்கலை.

சரி, சொல்லு பார்ப்போம். உயரம் 452 மீட்டர். மாடி 88. நடுவுல இருக்கிற பாலம் 41, 42ஆவது மாடியில. வரைஞ்சு கொடுத்தவர் சீசர் பெல்லி. அடேயப்பா, புட்டுப் புட்டு வைக்கிறியே! நீ மேலே ஏறியிருக்கியா? இல்லை. கீழே நின்னு படம் புடிச்சுட்டு, உள்ளே போய்ச் செருப்பு விலையைக் கேட்டுட்டு, விலை கேட்ட வேகத்துல பஸ் ஏறி வந்தவ நீ. அந்தச் செருப்புக் கதையைச் சொன்னியானா பரீட்சைக்காரர் சிரிப்பார். சீசர் பெல்லியைச் சொன்னா கொட்டாவியை அடக்குவார். அந்த மனுஷன் காலையிலேர்ந்து அதே ரெட்டைக் கோபுரத்தை எத்தனை பேர் கட்டி முடிச்சுட்டுப் போறதைப் பார்த்திருப்பாரோ, பாவம்.

அவர் கையில அளவு நாடா இல்லை பாப்பா. நாலே நாலு விஷயத்துக்குத்தான் மார்க்கு. தடங்கல் இல்லாம, ஒண்ணோட ஒண்ணு தொடுத்துப் பேசுறியா. கையில சொல்லு எவ்வளவு வச்சிருக்கே. இலக்கணம் எத்தனை விதமா வருது, எத்தனை தடவை வழுக்குது. உச்சரிப்பு அடுத்தவனுக்கு விளங்குதா. நாலுக்கும் சமபங்கு. கட்டடம் எத்தனை மாடின்னு அஞ்சாவது மார்க்கு கிடையாது. வெள்ளைக்காரன் குரலுக்கும் மார்க்கு கிடையாது, அதனால மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் பேசுறதை நிறுத்து, அடுத்த வீட்டுப் பூனை பயப்படுது.

பரீட்சை மொத்தமே 11லேர்ந்து 14 நிமிஷம். முதல்ல பேரு, ஊரு, சமையல், பொழுதுபோக்குன்னு சும்மா கேட்பாங்க. ரெண்டாவது பாகத்துல ஒரு அட்டையைக் கொடுப்பாங்க. நீ பார்த்த ஒரு கட்டடத்தைப் பத்திச் சொல்லு: எங்கே இருக்கு, எப்படி இருக்கும், எதுக்குப் பயன்படுது, ஏன் உனக்கு அது நெனைப்புல நிக்குது. யோசிக்க ஒரு நிமிஷம், குறிப்பு எழுதப் பென்சிலும் தாளும் அவங்களே கொடுப்பாங்க. அப்புறம் ரெண்டு நிமிஷம் வரைக்கும் நீயே பேசணும். நடுவுல "தேங்க்யூ"ன்னு கையைக் காட்டி நிறுத்தினா, முகம் செத்துப் போய் உட்காராதே. நேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். நம்ம தலைவருங்க மேடையில பேசும்போது அப்படி நிறுத்த ஒரு ஆளு இருந்திருந்தா நாடே எவ்வளவு முன்னேறியிருக்கும்!

பேச்சுல உனக்குப் பேண்டு 7 வேணும்னு இங்கிலாந்துத் தாதியர் மன்றம் கேட்குது. எழுத்துக்கு மட்டும் ஆறரை போதுமாம். பேசுறதுக்குக் கூட மார்க்கு, எழுதுறதுக்குக் குறைச்சல்னா என்ன காரணம்? நோயாளிக்கு நீ கடுதாசி எழுதப் போறதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கிழவி வலின்னு கத்தினா, எங்கே வலிக்குது, எப்பலேர்ந்து வலிக்குதுன்னு கேட்டு, அவ சொன்னதைப் புரிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்லணும். அந்தக் கிழவிகிட்ட மெஜஸ்டிக்கை வச்சுக்கிட்டு என்ன செய்வே?

உச்சரிப்புக்கு நீ டியூஷனுக்குக் காசு கட்டினதைக் கேட்டு எனக்குச் சிரிப்பா வருது. எங்க காலத்துல இந்தக் கெடா தோட்டங்கள்ல எழுத்து வாசனை இல்லாத சனமே வாய் நிறைய இங்கிலீசுதான் பேசிக்கிட்டு இருந்துச்சு. பொண்ணு எடுத்தது ஸ்கார்பரோவுல, கொடுத்தது விக்டோரியாவுல, பங்காளிச் சண்டை டப்ளின்ல, கருமாதி ஹென்ரியட்டாவுல. நான் யாரு தெரியுமா? ஹார்வர்டு. ஆமா, பீடோங் பக்கம் இருக்கிற ஹார்வர்டு தோட்டம். விடியறதுக்கு முன்னே பெரட்டுக்கு நின்னு, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டினவன். அமெரிக்காவுல படிச்சுட்டு வந்தவனெல்லாம் ஹார்வர்டு, ஹார்வர்டுங்கிறானே, அவன்ல எவனாவது அங்கே ஒரு வாளி பால் எடுத்திருக்கானா கேளு.

அதனால அட்டையில கட்டடம்னு வந்தா, தாத்தா காட்டுற கட்டடத்தைச் சொல்லு. தோட்டத்துப் புகைவீடு. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கிற வீடு. பார்க்க அழகு கிடையாது. உசந்த சுவரு, சன்னல் இல்லை, மேலே புகை போக ஒரு வழி, உள்ளே ஒரே கருப்பு. ஆனா அதுல நடந்த வேலையைச் சொல்ல ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷம் பத்தாது. மத்தியானத்துக்குள்ள பால் ஸ்டோருக்கு வந்துடும். கிராணி நிறுப்பார், எழுதுவார், குறைச்சும் எழுதுவார். பாலைத் தொட்டியில ஊத்தி, தண்ணி கலந்து, ஆசிட்டுப் போட்டா உறைஞ்சு கட்டியாயிடும். அதை மெஷின் உருளையில விட்டு அழுத்தினா தண்ணியெல்லாம் போய் மெல்லிசா ஷீட்டு வரும், மேலே வரிவரியா தடம் விழுந்திருக்கும். அதைக் கழியில தொங்கவிட்டுப் புகைவீட்டுக்குள்ள ஏத்திடுவாங்க. கீழே ரப்பர் விறகு எரியும். தீ கூடினா சரக்கு கெட்டுப்போகும், குறைஞ்சா பூஞ்சணம் புடிச்சுடும், அதனால ராத்திரியிலேயும் ஒருத்தன் கண்ணு முழிச்சு இருக்கணும். சில நாள் கழிச்சு வெளியே வரும்போது ஷீட்டு தேன் நிறத்துல இருக்கும். அப்புறம் வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்து ஒண்ணாம் நம்பர்லேர்ந்து அஞ்சாம் நம்பர் வரைக்கும் தரம் பிரிப்பாங்க. எங்களுக்கும் அப்பவே பேண்டு இருந்துச்சு பாப்பா, உனக்கு மட்டும்னு நெனைக்காதே.

இதுல கஷ்டமான இங்கிலீசு ஏதாவது இருக்கா? கொண்டு வந்தாங்க, நிறுத்தாங்க, ஊத்தினாங்க, தொங்கவிட்டாங்க. எல்லாம் சின்னச் சின்ன வினைச்சொல்லு. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வருது, அதனால நீ தடுமாறவும் மாட்டே. மெஜஸ்டிக்னு சொன்னதுக்கு அப்புறம் என்ன வரும் சொல்லு? ப்ரெத்டேக்கிங் வரும். அதுக்கப்புறம்? மூச்சுத்தான் வாங்கும். நீ அந்தப் புகைவீட்டுக்குள்ள போனதில்லையா, பரவாயில்லை, "மை கிராண்ட்ஃபாதர்"னு ஆரம்பிச்சுடு. கிழவன் கதைன்னா அவங்களுக்கும் கொஞ்சம் இளகும். ஆனா என்னைச் சாகடிச்சுடாதே. போன வருஷம் ஒரு பையன் மார்க்குக்காக உயிரோட இருக்கிற பாட்டனைக் கொன்னுட்டான். பாட்டன் ஒட்டுக்கடையில என் எதிர்லதான் உட்கார்ந்து தே தண்ணி குடிக்கிறார்.

லயன் வீட்டைச் சொன்னாலும் சரிதான். நீளமா ஒரே கூரை, வரிசையா வீடு, நடுவுல பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டுல கருவாடு பொரிச்சா ஆறு வீட்டுல பசிக்கும். ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா காலையில குழாயடியில தீர்ப்பே தயாரா இருக்கும். தொழிலாளி வீடு குறைஞ்சது இப்படித்தான் இருக்கணும்னு 1966ல அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு. அதுக்கு முந்தி எப்படி இருந்திருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்க.

லயன் வீட்டுல இன்னொரு வசதி இருக்கு. இலக்கணத்துக்கு மார்க்கு சொன்னேனில்லையா, அதுல இறந்தகாலத்தைச் சரியாப் பேசினா நல்ல பேரு. ரெட்டைக் கோபுரத்துக்காரன் பாவம், அது இன்னும் நிக்குது, இஸ், இஸ்னே சொல்லிக்கிட்டு இருக்கணும். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. லயன் இருந்தது, ஸ்டோரு இருந்தது, ஆயக்கொட்டாய் இருந்தது, சாமி வீடு இருந்தது. கித்தா மரம் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய் தாமான் வந்துடுச்சு. நாம எந்தக் கட்டடத்தைத் தொட்டாலும் இறந்தகாலம் இலவசமா வருது. இடிக்கப்பட்டதுன்னு செயப்பாட்டு வினையிலேயும் ஒரு வாக்கியம் போடு, அதுக்குத் தனி மரியாதை. அந்த வினையில இன்னொரு சுகம், யார் இடிச்சாங்கன்னு சொல்லவே வேண்டியதில்லை. எத்தனை பெரிய மனுஷனுக்கு அந்த இலக்கணம் கைகொடுத்திருக்கு தெரியுமா!

நம்ம பூஜாங் பள்ளத்தாக்கையே எடுத்துக்க. ராஜேந்திர சோழன் 1025ல கப்பல் அனுப்பிக் கடாரத்தை அடிச்சான்னு மேடைக்கு மேடை மார் தட்டுறோம். அந்தக் கடாரத்துல கல்லும் செங்கல்லுமா நின்ன பழைய கோயில்கள்ல ஒண்ணு, பதினொண்ணாம் நம்பர் சண்டி. வீடு கட்டுறவங்க நிலத்தைச் சமப்படுத்தும்போது அதையும் சேர்த்து வழிச்சுட்டாங்கன்னு 2013 டிசம்பர்ல செய்தி வந்துச்சு. தனியார் நிலம், பாதுகாக்கப்பட்ட இடம்னு அரசிதழ்ல போடலைன்னு காரணமும் கூடவே வந்துச்சு. ஆயிரம் வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கினது, ஒரு இயந்திரத்துக்குத் தாங்கலை. நம்ம சனம் அன்னிக்குத்தான் அப்படி ஒண்ணு இருந்ததையே கேள்விப்பட்டுச்சு. நானும் வாயைத் திறந்து பெருமை பேச மாட்டேன், பக்கத்துத் தோட்டத்துல இருந்துக்கிட்டு ஒருநாள் போய் எட்டிப் பார்த்தவனா நான்?

நிக்கிற சண்டி வேணும்னா மெர்போக்ல இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போ. பக்கத்துலேயே புக்கிட் பத்து பஹாட் சண்டி. கல்லுல எழும்பின அடித்தளம், தூண் நிறுத்தின கல்லு, எல்லாம் இருக்கு. கூரை இல்லை, மரத்துல இருந்ததா சொல்றாங்க, காலம் தின்னுடுச்சு. பஸ் காசு கொஞ்சம்தான். செருப்பு விலை கேட்கிற கடையும் அங்கே கிடையாது.

அவ்வளவு தூரம் முடியாதுன்னா டவுனுக்குப் போய் மணிக்கூண்டைப் பாரு. தினம் அதைச் சுத்தித்தான் காடியில போறே, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கியா? தலையில பொன் நிறக் குவிமாடம். லண்டன்ல அஞ்சாம் ஜார்ஜ் ராஜா 1935ல வெள்ளி விழா கொண்டாடினார். அதுக்கு நெனைவா 1936ல சுங்கை பட்டாணியில மணிக்கூண்டு எழும்புச்சு. காசு கொடுத்தவர் லிம் லியான் டெங்னு ஒரு சீனச் செல்வந்தர். விழா ஒருத்தருக்கு, செலவு ஒருத்தருக்கு, மணி பார்த்து வேலைக்கு ஓடினது நாம. இங்கிலாந்துக்குப் போறவ அந்த ஊர் ராஜாவோட மணிக்கூண்டைச் சொன்னா பரீட்சைக்காரர் பென்சிலை வச்சுட்டு நிமிருவார், பாரேன்.

இல்லை தாத்தா, உயரமான கட்டடம்னே அட்டையில வந்துட்டா? வரட்டும். அப்பவும் கோலாலம்பூருக்குப் போ, ஆனா விஸ்மா துன் சம்பந்தனைச் சொல்லு. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுக் கிளம்பின காலம். தோட்டத் துண்டாடல்னு பேரு. கூரை போகுமோ, வேலை போகுமோன்னு சனம் கதிகலங்கி நின்னுச்சு. 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா நடந்து, பத்துப் பத்து வெள்ளியா தொழிலாளிகிட்டேயே சேர்த்து, தோட்டத்தையே வாங்கினார். நம்ம கெடாவுல புக்கிட் சீடிமும் அப்படி வந்ததுதான். அந்தச் சங்கத்தோட தலைமையகம் அந்த விஸ்மா. உன் பாட்டி சுருக்குப் பையிலேர்ந்து எடுத்த வெள்ளியும் அதுல இருக்கு. பெட்ரோனாஸ்ல நம்ம காசு இல்லாம இல்லை, ஆனா அதுக்கு ரசீது கிடையாது.

மூணாவது பாகத்துலதான் உன்னை மடக்குவாங்க. பழைய கட்டடத்தைக் காப்பாத்தணுமா, இடிச்சுட்டுப் புதுசு கட்டணுமா? மனப்பாடம் செஞ்சவன் இங்கேதான் விழுவான், ஏன்னா இந்தக் கேள்விக்கு அவன் காகிதத்துல பதில் இருக்காது. காப்பாத்தணும், காப்பாத்தணும்னு ஒரே பக்கமா அழாதே. லயன் வீட்டுல மழை ஒழுகும்போது ராத்திரி பூராவும் வாளி மாத்தி வச்சவளுக்கு, அது இடிஞ்சு குறைஞ்ச விலை வீடு கிடைச்சப்போ சந்தோஷம்தான். உன் பாட்டியைக் கேளு, லயனைக் காப்பாத்தியிருக்கலாமேன்னு சொன்னா துடைப்பத்தை எடுப்பா. அதையும் சொல்லு. ஆனா சண்டியில யாரும் வாளி வைக்கலை, அதை ஏன் இடிச்சாங்கன்னும் கேளு. ரெண்டு பக்கமும் பேசி, உன் பக்கம் எதுன்னு கடைசியில சொல்லு. அதுக்குத்தான் மார்க்கு.

யாருடா அது, வாசல்ல நின்னு ஒட்டுக்கேட்கிறது? ஓ, அடுத்த வீட்டுத் தம்பியா. உனக்கு மூயெட் பரீட்சையா? அதுலேயும் பேச்சு உண்டு, யோசிக்க ரெண்டு நிமிஷம், தனியா பேச ரெண்டு நிமிஷம், உனக்குப் பாப்பாவைவிட ஒரு நிமிஷம் கூட. அப்புறம் குழுவா உட்கார்ந்து கலந்து பேசணுமாம், அதுதான் பயமா இருக்கா? ஞாயித்துக்கிழமை எங்க கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு வா. மண்டபத்துக்குப் புதுக் கூரை போடுறதைப் பத்தித்தான் பேச்சு, உனக்கும் கட்டடம் ஆச்சு. நல்லா உட்கார்ந்து கவனி. அங்கே நடக்கிறது எதையும் பரீட்சையில செய்யாம இருந்தீன்னா பேண்டு அஞ்சு நிச்சயம்.