தபால்காரர் வீட்டு நாய்க்குட்டி

அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவில் எந்த கேட்டுக்குப் பின்னால் எந்த நாய் படுத்திருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. இடது கெண்டைக்காலில் அத்தாட்சியும் உண்டு. அவரிடம் நாய் வளர்க்க அனுமதி கேட்கும்போது நான் அரசாங்கத்தையே துணைக்கு இழுத்தேன்.

“2005-ல ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்ப் போட்டிருக்காங்கப்பா!”

இலாகாவே மரியாதை செய்த ஜீவன். மறுக்க முடியவில்லை. “ஹாலுக்குள்ள மட்டும் வரக் கூடாது” என்றார்.

ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. என் மனைவி வயர்களை எல்லாம் சுருட்டிக் கட்டினாள்; செருப்புகளைப் பரணில் ஏற்றினாள். “ஒரு நாய்க்குப் பயந்து என் செருப்பைப் பரண்ல வைக்கணுமா?” என்று அப்பா மட்டும் மறுத்துவிட்டார். வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக வந்திறங்கிய குட்டி, ஆன்லைனில் வாங்கிய மெத்தையை முகர்ந்து பார்த்துவிட்டு, நேராகப் போய் அந்த ரப்பர் செருப்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கியது.

பெயர் வைப்பதில் இழுபறி. ‘மணி’ என்றால் சம்பந்தி கோபித்துக்கொள்வார், அவர் சுப்பிரமணி. என் மகள் சொன்ன ‘ஓரியோ’ அம்மா வாயில் ‘ஒரியா’ ஆனது. கடைசியில் டைகர். மிக்சி ஓடினால் நின்ற இடத்திலேயே நனைத்துவிடும் டைகர்.

பால் கொடுத்தால் வயிற்றுக்கு ஆகாமல் போகலாம், வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம் என்றார் கால்நடை டாக்டர். “வெங்காயம் இல்லாமன்னா, தினமும் விரதச் சமையலா?” என்று அம்மா அசந்துபோனாள்.

பார்வோ தடுப்பூசிகள் முடியும்வரை, ஏறக்குறைய நாலு மாத வயதுவரை, தெருவில் விடக் கூடாதாம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கவும் முடியாது. ஆகவே பின்கட்டில் பழைய பேப்பரை விரித்து, அதில் போனால் பாராட்டு, ஒரு துண்டு பிஸ்கட். டைகர் கெட்டிக்காரன். பாடத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான்: பேப்பர் எங்கே விரிந்திருக்கிறதோ அங்கே போகலாம்.

அப்பா காலையில் ஹாலில் சம்மணமிட்டு, பேப்பரைத் தரையில் விரித்துத்தான் படிப்பார். அன்றைக்குத் தலையங்கத்தில் பாதி வந்திருந்தார். டைகர் நிதானமாக நடந்து வந்து, நடுப்பக்கத்தில் குந்தி, வேலையை முடித்துவிட்டு, பிஸ்கட்டுக்காக அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவனுக்கும் ஒரு கருத்து இருக்கும்ல தாத்தா” என்றாள் மகள்.

இப்போது அப்பா நின்றபடி படிக்கிறார்.

கழுத்துப்பட்டை வில்லையில் ஃபோன் நம்பர் போதும் என்றேன். “விலாசம் இல்லாம எதுவும் வந்து சேராதுடா” என்று அப்பாவே எழுதிக் கொடுத்தார்: டைகர், மே/பா அவர் பெயர், கதவு எண், தெரு, அஞ்சல், பின்கோடு. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “ஒத்த ரூபா அளவு வில்லை சார், இவ்வளவும் புடிக்காது.”

“மத்ததை வேணா எடுத்துடு. பின்கோடு இருக்கணும்.”

டைகர் கழுத்தில் பெயரும் ஆறு இலக்கமும் தொங்குகின்றன. காணாமல் போனால், எங்கள் போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் பத்திரமாக வந்துவிடுவான்.