பாதம் வரை வாசித்தவன்

கொல்லிமலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை உண்டு. முப்பதாவதில் வயிற்றைப் புரட்டினாலும் இறங்க முடியாது. இறங்கினால் குரங்குகளோடுதான் குடித்தனம். நாவலில் அந்தச் சிக்கல் கிடையாது. எந்தப் பக்கத்திலும் இறங்கிக்கொள்ளலாம். ஆனாலும் மனுஷன் இறங்க மாட்டான். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் வெளிவந்தது. “முதல் நூறு பக்கம் பல்லைக் கடிச்சுக்குங்க, அப்புறம் அதுவே இழுத்துக்கிட்டுப் போயிரும்” என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடிக்கக் குளிரான ஊராகப் பார்த்து சோளக்காட்டில் அறை எடுத்தேன்.

டீக்கடை அக்கா புத்தகத்தின் கனத்தைப் பார்த்துவிட்டு, “வக்கீலுங்களா?” என்றார். பட்டாவில் ஏதோ சந்தேகமாம். கதைப் புத்தகம் என்றேன். “கதைக்கா இவ்ளோ காயிதம்?” என்றார். அதற்குமேல் ஒரு விமர்சகர் என்ன சொல்லிவிட முடியும்?

படுத்திருக்கும் விஷ்ணுவின் பாதத்திலிருந்து தலை வரை போகும் நாவல் அது: ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என மூன்று பாகம். ஸ்ரீபாதத்தில் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டேன். கௌஸ்துபத்தில் ஞானசபை கூடியது. பௌத்தர் ஒருவர் பேசினார். சரிதான் என்று தலையாட்டினேன். வைதிகர் எழுந்து மறுத்தார். அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன். அத்தனை பெரிய சபையில் என் கழுத்துக்கு மட்டும்தான் வேலை இருந்தது. அந்த நேரம் பார்த்து சந்தைப் பக்கமிருந்து பலாப்பழ வாசனை வந்தது. எல்லாத் தரப்பும் ஒருசேரத் தோற்றன. சுளை தின்று பிசுபிசுத்த கையால் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது அறம், பிறகு தொடவேயில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். மூன்றாவது, புத்தகத்தை முடிக்காமலிருக்கும் உரிமை. வர்ஜீனியா வுல்ஃப் 1922இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவலை இருநூறு பக்கம் படித்துவிட்டு நாட்குறிப்பில் அலுத்துக்கொண்டார். விடாமல் படித்து அடுத்த மாதம் முடித்தார். முடித்த பிறகும் அதே அலுப்புதான். முடித்ததில் மிச்சம், மீதிப் பக்கங்களுக்கான அலுப்பு.

அதற்காக, படித்து முடித்ததாகப் புளுகவும் கூடாது. சிவனின் முடியைக் கண்டேன் என்று தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்த பிரம்மனுக்கு இன்றுவரை ஊருக்கு ஊர் கோயிலில்லை. நம் இலக்கியக் கூட்டங்களில் தாழம்பூ வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

என்னை யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். பெருமாளிடம் சரணாகதி செய்பவன் பாதத்தைத்தான் பிடிக்கிறான். கிரீடத்தைப் பிடிப்பவனைப் போலீஸ் பிடிக்கும்.