மச்சான் கொண்டுவந்த டிவி

எங்கள் வீட்டில் டிவி நின்றுபோனால் பேச்சு 1967 ஏப்ரல் 11-இல் தொடங்கும். எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, அதாவது ஈ.சி.ஐ.எல்., அணுசக்தித் துறையின் கீழ் ஹைதராபாத்தில் பிறந்த நாள் அது. என் மாமனார் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். அவருக்கு இன்னும் முறைப்படி தகவல் வரவில்லை. 'எங்க கம்பெனி' என்றுதான் இன்றும் பேச்சு.

அவர் பெருமையில் நியாயம் இருக்கிறது. அணு உலைக்குக் கருவி செய்த இடத்தில்தான் ஈ.சி. டிவியும் தயாரானது. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி காட்டினார்களே, அதற்கு டிவி பெட்டி செய்து கொடுத்தவர்கள் இவர்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையில் பத்தடி அகல ஆன்டெனா. அதில் வானத்திலிருந்து படம் இறங்கியது. பிறகு மின்னணு வாக்கு எந்திரம், சந்திரயானோடு பேச பெங்களூருக்குப் பக்கத்தில் பயலாலுவில் 32 மீட்டர் ஆன்டெனா என்று பட்டியல் நீளும். நிறுவனத்தைத் தொடங்கிவைத்த ஏ.எஸ். ராவின் பெயரில் எங்கள் ஹைதராபாத்தில் ஒரு நகரே இருக்கிறது. பத்மாராவ் நகரிலிருந்து ஆட்டோவில் அந்தப் பக்கம் போனால் மாமனார் முதுகை நிமிர்த்தி உட்காருவார்.

இவ்வளவும் இருக்க, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது வேறு கம்பெனி டிவி. டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்து ஊரெல்லாம் கலர் பித்துப் பிடித்திருந்த நேரத்தில், அத்தையின் அண்ணன் டில்லியிலிருந்து ரயிலில் கொண்டுவந்து இறக்கியது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இத்தனை காலம் உழைத்து ஓய்ந்ததற்கு ஒருவரைக் குறை சொன்னால் பாவம் சேரும். ஆனால் மாமனாருக்கு அது டிவி அல்ல. மச்சான் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போன உளவாளி. அத்தைக்கு அது பிறந்த வீட்டுச் சீர். ஆகவே அது மக்கர் பண்ணும்போதெல்லாம் பழுது டிவியில் மட்டும் இருப்பதில்லை.

இந்த முறை படமும் இல்லை, சத்தமும் இல்லை. "எங்க டிவியா இருந்தா…" என்று மாமனார் தொடங்கினார். அத்தை காதில் வாங்காமல் பெட்டியின் வலது பக்கம், மேல்மூலையில் இரண்டு தட்டு தட்டினார். அந்த இடமும் அந்த வேகமும் அவருக்கு மட்டுமே கைவந்தவை. நான் தட்டினால் சானல்தான் மாறும்.

தட்டினால் டிவி ஓடுவதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. உள்ளே சில பாகங்கள் தினமும் சூடாகும், ஆறும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி, அவற்றின் காலைப் பிடித்திருக்கும் ஈயப்பற்றில் வட்டமாக மயிரிழை விரிசல் விழும். மெக்கானிக்குகள் இதை டிரை சோல்டர் என்பார்கள். தட்டுகிற அதிர்வில் விரிசல் தொட்டுக்கொள்ளும். மெகா சீரியல் முடியும்வரை தாங்கும். மாமனார் இந்த விஞ்ஞானத்தை எனக்கு விளக்கியவர். அதை அத்தையிடம் மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

தட்டு பலிக்கவில்லை. கோட்டி குஜராத்தி கல்லி பக்கமிருந்து ஒரு பாயை அழைத்து வந்தேன். டிவி பாகங்கள் எது வேண்டுமானாலும் கிடைக்கிற சந்து அது; கிடைக்காத ஒரே பொருள், பழைய டிவியைச் சரிபண்ண ஆசைப்படும் மெக்கானிக். இவர் வயதானவர் என்பதால் சம்மதித்தார்.

வந்ததும் பின்மூடியைக் கழற்றவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு முழங்கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிக்சர் டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கைமுடி சிலிர்த்து நிற்கும். நிற்கவில்லை. "பாதி செத்தாதான் சாப் கஷ்டம். சத்தம் இருக்கு படம் இல்ல, படம் இருக்கு சத்தம் இல்லன்னா தேடணும். ரெண்டும் இல்லன்னா முதல்ல பவர் சப்ளைதான்" என்றார். மாமனார் தலையசைத்தார். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் போல முகம்.

பிறகு மூடி திறந்தது. உள்ளே நாற்பது வருடத் தூசி, இரண்டு பல்லி முட்டை ஓடு. அணைத்துவைத்த டிவியிலும் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் கம்பி கட்டிய ஸ்க்ரூடிரைவரால் பிக்சர் டியூபிலிருந்து அதை இறக்கினார். சட்டென்று ஒரு பொறி. "செருப்புப் போட்டுக்கோங்க பாய்" என்றார் அத்தை. எங்கள் வீட்டுக்குள் இன்னொருவருக்குச் செருப்புப் போட அனுமதி கிடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஃபியூஸ் கருகியிருந்தது. அதன் இடத்தில் ஒரு நூறு வாட் குண்டு பல்பைத் தொடுத்தார். சீரீஸ் பல்பு என்று பெயர். உள்ளே எல்லாம் சரி என்றால் பல்பு மங்கலாக எரியும். ஷார்ட் ஆகியிருந்தால் முழுசாக எரியும். இது கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. "ஆஹா, கரண்ட் வந்தாச்சு!" என்று அத்தை கைதட்ட, பாய் உச்சுக்கொட்டினார். நல்ல வெளிச்சம் கெட்ட சகுனமாக இருக்கும் ஒரே தொழில் இதுதான். வறண்டுபோன ஒரு சின்னக் கெபாசிட்டர், பக்கத்திலிருந்த டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. இரண்டும் மறுநாள் கோட்டியிலிருந்து வந்து உட்கார்ந்தன. டிரை சோல்டரையும் ஒரு சுற்று சூடுகாட்டி ஒட்டினார்.

சுவிட்ச். திரை மெல்ல வெளுத்தது. கைமுடி நின்றது. வெள்ளைப் புள்ளிகள் குதித்தன. 'உஸ்' என்று இரைச்சல். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வர வழியில்லை. 2013 மார்ச் கெடுவுக்குப் பிறகு ஹைதராபாத்தில் கேபிள் முழுக்க டிஜிட்டல் ஆகிவிட்டது. மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு எட்டிய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷனும் மூடிவிட்டது. இதுவரை பெட்டிக்கு உயிர்கொடுத்து வந்த செட்டாப் பாக்ஸோ போன மாதம் புது டிவியோடு என் மைத்துனன் அறைக்குக் குடிபோய்விட்டது. சத்தமில்லாமல் நடந்த அந்த மாற்றம் அப்போதுதான் சபைக்கு வந்தது.

"இந்தப் புள்ளியில நூத்துல ஒண்ணு, பிரபஞ்சம் பிறந்தப்ப கிளம்பின கதிர் தெரியுமா மாப்பிள்ளை?" என்றார் மாமனார், திரையை உற்றுப் பார்த்து. முதல்முறையாக அந்த டிவியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை.

"அப்போ இதுவும் மறு ஒளிபரப்புதானா?" என்றார் அத்தை.

பாய் கூலி கேட்டார். படமே வராமல் எதற்குக் கூலி என்றார் மாமனார்.

"பிக்சர் நை, ஆவாஜ் நைன்னு சொல்லித்தானே சாப் கூட்டிட்டு வந்தாங்க? இப்ப ரெண்டும் இருக்கு."

மாமனார் வாயைத் திறந்து மூடினார். அணுசக்தித் துறையில் இதற்குப் பதில் இல்லை. அத்தை சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு வச்சுட்டுப் போங்க பாய்" என்றார்.