அடுப்படிக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்: கேள்வி-பதில்

ஹாலில் டிவி இருக்கிறது, படுக்கையறையில் கைபேசி இருக்கிறது. மூன்று வேளையும் ஒருவர் நின்றபடி வேலை செய்யும் அடுப்படிக்கு மட்டும், சுவர் தாண்டி வந்து சேரும் மிச்சப் பாட்டுதான். அதைத் தங்கள் கையாலேயே மாற்ற நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த வாரம் முழுப் பக்கமும்.

கே: சின்ன அடுப்படிக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்? (மதுரை வாசகி)

ப: மூன்று வாட்ஸ் தாராளம். நாம் சாதாரணமாகப் பேசும் குரல் சுமார் 60 டெசிபல். சின்ன ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலும், ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 80 டெசிபலுக்கு மேல் கேட்கும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. வாட்ஸ் பெருங்காயம் மாதிரி. சாம்பாருக்குச் சிட்டிகை போதும், அள்ளிப் போட்டால் மணம் அந்த அளவுக்குக் கூடாது.

கே: பெட்டியில் 2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருக்கிறார்களே? (ஈரோடு வாசகர்)

ப: அந்த எண்ணை விட்டுவிட்டு அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

கே: முதன்முறையாகச் செய்கிறேன். எந்த போர்டு வாங்கலாம்? (தஞ்சாவூர் கல்லூரி மாணவி)

ப: பி.ஏ.எம்.8403. தபால்தலை அளவுதான் இருக்கும். நல்ல 5 வோல்ட் போன் சார்ஜரிலேயே ஓடும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு போட்டால் பக்கத்துக்கு மூன்று வாட்ஸ் வரை தரும். இது டி வகுப்பு ஐசி. உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போய்ச் சேருவதால் அதிகம் சூடாகாது, ஹீட் சிங்க் வேண்டாம்.

ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களை ஒன்றாக முடிச்சுப் போடக் கூடாது, எர்த்திலும் சேர்க்கக் கூடாது. இந்த ஐசி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இரண்டு முனையிலிருந்தும் தள்ளி இழுக்கிறது. மைனஸ் என்று எழுதியிருக்கும் முனையிலும் பாட்டு ஓடுகிறது. ஐந்தரை வோல்ட்டுக்கு மேலும் கொடுக்காதீர்கள். 12 வோல்ட் அடாப்டர்தான் கையில் இருக்கிறது என்றால் டி.டி.ஏ.7297 போர்டு வாங்குங்கள். அது 6.5 முதல் 18 வோல்ட் வரை தாங்கும். ஆனால் அதற்கு ஹீட் சிங்க் கட்டாயம்.

கே: ரெடிமேட் போர்டில் ஒயர் சேர்ப்பதெல்லாம் ‘நானே செய்தேன்’ ஆகுமா? (பொள்ளாச்சி பள்ளி மாணவர்)

ப: கடையில் மாவு வாங்கி நாம் சுட்டாலும் தோசை நம் தோசைதான். ஆனால் உங்களுக்கு அரிசி ஊறவைப்பதிலிருந்தே தெரிந்துகொள்ள ஆசை என்று புரிகிறது. அதற்கு எல்.எம்.386 இருக்கிறது. எட்டுக் கால் உள்ள ஐசி. 6-ஆம் காலுக்கு 9 வோல்ட் பிளஸ், 4-க்கும் 2-க்கும் எர்த். 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலிலிருந்து 3-க்குப் பாட்டு. 5-லிருந்து 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வழியாக ஸ்பீக்கர். 5-க்கும் எர்த்துக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வரிசையாக. இது இல்லாவிட்டால் ஐசி தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும்.

இந்த அமைப்பில் உள்ளே வரும் ஒலி 20 மடங்காகும். 1-ஆம் காலையும் 8-ஆம் காலையும் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சரால் இணைத்தால் 200 மடங்காகும். போனிலிருந்து பாட்டு வந்தால் 20 போதும். கிடைப்பது அரை வாட் அளவுதான். ஆனால் 3-ஆம் காலை விரல்நுனியால் தொடுங்கள். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும். வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் உங்கள் உடம்பின் வழியாக ஐசிக்குள் போய்ப் பெரிதாகி வருகிறது. ஆம்ப்ளிஃபயர் என்றால் என்ன என்பதை அந்த ஒரு நொடியில் கற்றுக்கொள்வீர்கள்.

கே: பழைய 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் கிடக்கிறது. அதைப் போடலாமா? (சேலம் வாசகர்)

ப: அடுப்படிக்கு வேண்டாம். ஈரக் கை நடமாடும் இடத்தில், நாம் மூடிய பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கக் கூடாது. பி.ஐ.எஸ். முத்திரை உள்ள அடாப்டர் பிளக்கிலேயே இருக்கட்டும். நம் பெட்டிக்குள் வருவது 5 அல்லது 12 வோல்ட் மட்டும்தான். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கே: மிக்ஸி ஓடினால் ஸ்பீக்கரும் சேர்ந்து ‘கர்ர்ர்’ என்கிறது! (திருச்சி வாசகி)

ப: மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் ஓயாமல் பொறி பறக்கிறது. இருட்டில் காற்றுத்துளை வழியாக அந்த நீலப் பொறியைப் பார்க்கலாம். அந்த இரைச்சல் பிளக் வழியாகவும் காற்று வழியாகவும் வருகிறது. மூன்று வேலை செய்யுங்கள். அடாப்டரை வேறு சுவிட்ச் போர்டுக்கு மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயர் போர்டின் பவர் முனையை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று வையுங்கள். பாட்டு உள்ளே வரும் ஒயர் ஷீல்டு ஒயராகவும் ஒரு சாண் நீளமாகவும் இருக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் காதில் விழுவது மிக்ஸியின் சொந்தக் குரல்.

கே: அழகான எவர்சில்வர் டப்பாவுக்குள் புளூடூத் போர்டை வைத்தேன். விட்டுவிட்டுப் பாடுகிறது. (நாகர்கோவில் வாசகர்)

ப: டப்பா அலையை அடைத்துவிடுகிறது. ஒன்று, மூடியை பிளாஸ்டிக்காகவோ மரமாகவோ மாற்றுங்கள். இல்லையென்றால் புளூடூத் போர்டை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதிலிருந்தும் தள்ளி வையுங்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே குடியிருப்பவை. அடுப்பிலிருந்து கசியும் துளி அலைகூடப் பாட்டை வெட்டும்.

கே: ராஜா பாட்டில் பேஸ் கிதாரே காணோம். ஸ்பீக்கர் மட்டமா? (விருதுநகர் வாசகர்)

ப: ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. முதலாவது: ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கிறதா, வெறுமனே தொங்குகிறதா? கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துவிடும். அழிவது முக்கியமாக பேஸ்தான். காற்றுப் புகாத மரப்பெட்டியில் பொருத்தினாலே பாதி பேஸ் திரும்பி வரும்.

இரண்டாவது: இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைகின்றனவா? ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லை ஒயர் நுனிகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்ற சத்தத்தோடு கோன் வெளியே எம்பினால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே பம்மினால் அது மைனஸ். இரண்டிலும் குறித்துக்கொண்டு, ஒரே மாதிரி இணையுங்கள்.

இன்னொன்று நம் காதின் குணம். சத்தத்தைக் குறைத்து வைத்தால் காதுக்கு பேஸ்தான் முதலில் மறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். மெதுவாகக் கேட்பவர் என்றால் பெட்டியைச் சுவர் மூலையை ஒட்டி வையுங்கள். மூலை பேஸைத் தூக்கிக் கொடுக்கும்.

கே: வால்யூம் திருகைக் கொஞ்சம் தொட்டாலே அலறுகிறது. (கடலூர் வாசகி)

ப: லீனியர் வகை போட்டிருப்பீர்கள். லாக் வகை கேட்டு வாங்குங்கள். காது சத்தத்தைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை, மடங்குக் கணக்கில் கேட்கிறது. லாக் திருகு அந்தக் கணக்கிலேயே நகரும்.

கே: சமையல் மேடை உயரம் வசதியாக இருக்கிறது. அங்கேயே சால்டரிங் செய்யலாமா? (காரைக்குடி வாசகர்)

ப: கூடவே கூடாது. உங்கள் வீட்டு ரசச் சொம்பு ‘ஈயச் சொம்பு’ என்றாலும் அது வெள்ளீயம். கடையில் கிடைக்கும் சாதாரண 60/40 சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் விஷம். உணவு படும் இடத்தில் அதன் ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது. மொட்டைமாடியிலோ ஜன்னலோரமாகவோ செய்யுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, காரணம் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் சேர்ந்த சால்டர் 190-க்குள்ளேயே உருகிவிடும். 25 வாட்ஸ் அயர்ன் போதும். முதலில் அயர்ன் நுனியால் ஐசியின் காலையும் போர்டின் செம்பையும் சேர்த்துச் சூடாக்குங்கள். இரண்டு மூன்று நொடி கழித்து சால்டர் கம்பியை அந்த இடத்தில் தொடுங்கள், அயர்னில் தொடாதீர்கள். அது பளிச்சென்று உருகிக் காலைச் சுற்றிக் கூம்பாக ஏறும். உருண்டை உருண்டையாக, மங்கலாக நின்றால் ஒட்டவில்லை என்று பொருள். மறுபடி சூடாக்குங்கள்.

கே: பெட்டியை எங்கே வைப்பது? (புதுச்சேரி வாசகர்)

ப: அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள், குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். கண்டென்சருக்குச் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. எண்ணெய்ப் புகை கோனில் படிந்தால் தூசி ஒட்டிக் கனத்துப்போகும். எதிர்ச் சுவரில், காது உயரத்தில் மாட்டுங்கள்.

கே: அம்மாவின் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல் செய்து கொடுக்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (கோவை வாசகி)

ப: தெரியாமல் செய்யாதீர்கள். அம்மா சமைக்கும்போது ஒரு நாள் பக்கத்தில் நில்லுங்கள். எந்தக் கை கரண்டி பிடிக்கிறது, எந்தக் கை சும்மா இருக்கிறது, குக்கர் விசில் வரும்போது எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பாருங்கள். சும்மா இருக்கும் கைக்கு எட்டும் இடத்தில் திருகு வரட்டும். அந்தத் திருகு எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக, விளிம்பில் வெட்டு வைத்ததாக இருக்கட்டும். பெட்டியை மூடுவதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டு, சப்பாத்தி மாவு அப்பிய கையோடு, புறங்கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பினால் ஆணியை முறுக்குங்கள்.